கண்ணாடி ஏற்றாத வேன்

ஷாமிலாவுக்குக் கடைவாய்ப் பல் குத்திக்கொண்டிருந்தது. கிராம்பை வைத்து அழுத்திப் பார்த்தாள், உப்புத் தண்ணீரைக் கொப்புளித்தாள். ஹட்டன் குளிரில் அது எதற்கும் மசியவில்லை. கன்னத்தோடு சேர்த்துக் கம்பளித் துண்டைச் சுற்றிக்கொண்டு, இரும்புக்கடைக்கு மேலிருந்த அந்த ஒற்றை அறை அலுவலகத்தைத் திறந்து உட்கார்ந்தாள். லியனார்ட் வந்து தன் மேசைக்குப் போனதும், மழையில் தொப்பலாக நனைந்த ஒரு பெண் படியேறி வந்து வாசலிலேயே நின்றாள்.

"லியனார்ட் சேர் இருக்காங்களா?"

"இருக்காரு, உள்ள வாங்க. குடைய அந்த மூலையில வைங்க."

விபத்தில் மாட்டிய வாகனங்களைப் பார்த்து, எதனால் நடந்தது என்று இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு எழுதிக் கொடுப்பதுதான் லியனார்ட்டின் தொழில். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து, தேயிலை பெக்டரியில் மெஷினுக்கு எண்ணெய் விட்டு, அப்புறம் படித்து மேலே வந்தவர். பேச்சு குறைவு. ஷாமிலா அவருக்குப் படம் எடுப்பாள், டைப் அடிப்பாள், ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போவாள். அதோடு, அவர் கண்டுபிடிக்கும் முன்பே தானே கண்டுபிடித்துவிட வேண்டும் என்ற ஆசையும் அவளுக்கு உண்டு. இதுவரை நடந்ததில்லை.

"நான் ஜீவராணிங்க. கொட்டகலையில கராஜ் வச்சிருக்காருல்ல விஜிதரன், அவரு சம்சாரம்."

லியனார்ட் நிமிர்ந்தார். ஆயுத பூசை அன்று எரிந்த வேனின் கோப்பு அவர் மேசையில்தான் கிடந்தது.

விஷயம் ஊருக்கே தெரியும். கந்தப்பன் முதலாளியின் பழைய பெட்ரோல் வேன் நின்று நின்று இழுத்ததால், விஜிதரன் அதற்குப் புது இன்ஜெக்டர்கள் போட்டுக் கொடுத்தான். எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பீச்சுகிற சின்னக் குழல்கள் அவை. சில நாள் வேன் ஒழுங்காக ஓடியது. பூசை முடிந்து, தோட்டத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஹட்டன் கோயிலுக்குப் போகும் வழியில், ஏற்றத்தில் முன் சீட்டுக்கு அடியிலிருந்து தீ எழும்பியது. அந்த மாதிரி வேனில் எஞ்சின் இருப்பதே அங்கேதான். முன் சீட்டில் உட்கார்ந்திருந்த கொழுந்து பறிக்கும் அழகம்மாவின் இரண்டு கால்களும் முழங்கால்வரை வெந்துபோயின. டிரைவர் இராமையா தீக்குள் கையை விட்டு அவளை இழுத்துப் போட்டான். அவன் கைகளும் வெந்துபோயின.

"இன்ஜெக்டர் சரியாப் பூட்டல, அதான் பெட்ரோல் கசிஞ்சுதுன்னு எல்லாரும் சொல்றாங்க," என்றாள் ஜீவராணி. "அவரப் பொலிஸ்ல வச்சிருக்காங்க. திங்கக்கிழம கோட்டுக்குக் கொண்டு போறாங்களாம். நீங்க எழுதுறதுதான் பேசும்னு சொன்னாங்க. கராஜ் போர்டக் கல்லால அடிச்சு உடைச்சிட்டாங்க. எம் புள்ளைங்கள ஸ்கூல்ல 'கால எரிச்சவன் மகன்'னு கூப்பிடுறானுங்க."

"உங்க புருஷன் பிழை செஞ்சிருந்தா அதத்தான் எழுதுவேன்."

"செஞ்சிருந்தா எழுதுங்க சேர். செய்யாதத எழுதிடாதீங்க."

லியனார்ட் கோப்பைப் பிரித்தார். "வேன் போன பிறகு யாராச்சும் திரும்பக் கொண்டுவந்து காட்டினாங்களா?"

"எங்க காட்ட? எங்கப்பா கருமாதிக்கு நாங்க பட்டிப்பொல போயிட்டோம். கராஜ் பூட்டித்தான் கெடந்துச்சு. பூசைக்கு மொத நாளுதான் திரும்பினோம்."

"கசியுதான்னு பார்த்தாரா, குடுக்க முந்தி?"

"எஞ்சின ஓட விட்டு, அடியில பேப்பர் விரிச்சுப் பாத்தாருங்க. ஒரு சொட்டு இல்ல. கந்தப்பன் மொதலாளியும் பக்கத்துல நின்னாரு."

அவள் போனதும் ஷாமிலா கன்னத்தைப் பிடித்துக்கொண்டே சொன்னாள். "சேர், எனக்குத் தெரியும். றப்பர் வளையம். இன்ஜெக்டர் மேல போடுற அந்தச் சின்ன வளையத்த எண்ணெய் தடவாம அழுத்தியிருப்பாரு. அது வெட்டுப்பட்டிருக்கும்."

"பல்லு வலிக்கலையா உனக்கு?"

"வலிக்குது."

"அப்ப வாய மூடு. காத்துப் பட்டா கூடும்."

*

எரிந்த வேன் பொலிஸ் நிலையத்துப் பின்வளவில் தார்ப்பாயின் கீழ் கிடந்தது. காவலுக்கு நின்றவரிடம் லியனார்ட் சிங்களத்தில் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் பாயை விலக்கினார். மழை தூறிக்கொண்டிருந்தது. வேனின் மூக்கில் கட்டிய வாழைக்கன்றின் தண்டு கருகி இன்னும் தொங்கியது. கண்ணாடி வெடித்த சட்டத்தில் விபூதிப் பட்டை அப்படியே இருந்தது.

கந்தப்பனும் வந்திருந்தார். தடித்த ஜாக்கெட்டும் குரங்குக் குல்லாவுமாக நின்று அவரே பேச்சைத் தொடங்கினார்.

"பாருங்க சேர், என்ன கோலம். இந்த வேன நான் புள்ள மாதிரி வச்சிருந்தேன். பூசையன்னிக்கு விடியக்காலையில நானே சர்விசுக்குக் கொண்டு போனேன். மேல மட்டும் கழுவி ஏமாத்துவானுங்கல்ல, நான் சீட்டத் தூக்கிப் போடச் சொல்லி எஞ்சினுக்கும் பைப்ப வச்சு அடிக்கச் சொன்னேன். சேறு, கிரீஸ் ஒண்ணு விடாம. அப்புறம் எஞ்சினுக்கு நானே சந்தனம் குங்குமம் வச்சேன். அப்படிப் பார்த்த வண்டி!"

"டிரைவர் கூட வந்தாரா?"

"அவன் எங்க வந்தான்? லயத்துல குளிச்சு முழுகிக்கிட்டிருந்தான். நேரா தோட்டத்துக் கோயிலுக்குத்தான் வந்தான். வண்டிக்குள்ள சாம்பிராணி போட்டு, சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கிக் கையில சாவியக் குடுத்தேன்."

"சூடம் உள்ள விழுந்து பத்தியிருக்கும்னு சிலர் சொல்றாங்களே, மொதலாளி," என்றாள் ஷாமிலா.

"சூடத்த நான் வாசப்படியில காட்டினேன், தங்கச்சி. அது எரிஞ்சு அணைஞ்ச பிறகுதான் வண்டி நகர்ந்துச்சு. சாமி மேல பழியப் போடாதீங்க. எல்லாம் அந்த மெக்கானிக் பய செஞ்ச வேல."

லியனார்ட் எஞ்சினுக்கு மேல் குனிந்து, இன்ஜெக்டர்கள் வரிசையாக நிற்கும், பெட்ரோல் வரும் இரும்புக் குழாயைக் கழற்றி, ஒவ்வொன்றாக உருவினார். ஷாமிலா டோர்ச் அடித்தாள். மேல் வளையங்கள் இரும்பின் பள்ளத்துக்குள் இருந்ததால் பொசுங்கியும் முழுசாகத்தான் இருந்தன. நகத்தால் சுற்றித் தடவிப் பார்த்தார். வெட்டு இல்லை, மடிப்பு இல்லை. உட்கார்ந்த இடத்தில் எண்ணெய்ப் பூச்சு கருகிப் படிந்திருந்தது.

ஷாமிலாவின் முகம் விழுந்தது. "வளையம் நல்லாத்தான் இருக்கு."

"ம்."

அவர் விரல் அந்த இரும்புக் குழாயின் மறு முனைக்குப் போனது. செலவாகாத பெட்ரோல் அங்கிருந்துதான் ஒரு றப்பர் ஹோஸ் வழியாகப் பெட்ரோல் சேமிக்கும் தாங்கிக்குத் திரும்பிப் போகும். ஹோஸ் எரிந்துவிட்டது. இரும்பு மூக்கில் இறுக்கியிருந்த கிளிப்பின் கீழே மட்டும் ஒரு துண்டு தப்பிக் கிடந்தது. கிளிப்புக்கு இந்தப் பக்கம், மெல்லிய செப்புக் கம்பி ஒன்று ஏழெட்டுச் சுற்றாகக் கட்டி முறுக்கப்பட்டிருந்தது. கம்பிக்கும் றப்பருக்கும் நடுவே பழுப்பாக ஏதோ கட்டிதட்டி ஒட்டியிருந்தது.

லியனார்ட் அதைச் சுரண்டி உள்ளங்கையில் போட்டார். இரண்டு சொட்டு மழைத்தண்ணீர் விழட்டும் என்று கையை வெளியே நீட்டினார். பிறகு கட்டைவிரலால் தேய்த்தார். கையில் வெள்ளையாகக் கொஞ்சம் நுரை வந்தது. முகர்ந்து பார்த்துவிட்டு, கைக்குட்டையில் துடைத்து மடித்து வைத்துக்கொண்டார்.

"என்ன சேர் அது?"

"படம் எடுத்தியா?"

"எடுத்தேன்."

"கம்பியையும் எடு. கிட்டப் போய் எடு."

*

ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம். பெண்கள் வார்டின் கடைசிக் கட்டிலில் அழகம்மா மல்லாந்து கிடந்தாள். கால்கள் இரண்டும் சுற்றிய துணிக்குள் வேறு யாருடையவோ போலக் கிடந்தன. ஐம்பது வயதுக்கு அந்த முகம் ரொம்ப வற்றியிருந்தது. மகள் பிரேமினி பக்கத்தில் நின்று சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"நடக்கலாமாம்," என்றாள் அழகம்மா, கேட்காமலே. "ஆனா மல ஏற ஏலாதாம். சமதரையில நடக்கலாம்னு டாக்டர் சொல்றாரு. எங்க தோட்டத்துல சமதரை எங்கங்க இருக்கு? கக்கூசுக்குப் போறதுன்னாலும் படி."

லியனார்ட் கட்டிலருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். "தினமும் முன் சீட்டுலதான் வருவீங்களாக்கா?"

"ஆமாங்க. கொத்மலைப் பக்கம் ஒரு தோட்டத்துல ஆள் பத்தாம எங்கள வேன்ல கொண்டு போவாங்க. எனக்கு வாந்தி வரும், அதனால முன்னுக்கு ஏத்திக்கிருவான் ராமையா. நல்ல புள்ள. அவன் இல்லாட்டி நான் அன்னிக்கே சாம்பல். கையக் கரியாக்கிட்டானே எனக்காக."

"இன்ஜெக்டர் மாத்தி வந்த பிறகு வேன்ல ஏதாச்சும் வித்தியாசம்?"

அழகம்மா யோசித்தாள். "ஓட்டம் நல்லாத்தான் இருந்துச்சு. குளிருதான் தாங்கல. பனி மூஞ்சில அடிக்குது, கண்ணாடிய ஏத்துடா ஏத்துடாங்கிறோம், ஏத்தவே மாட்டேங்கிறான். 'காத்து வாங்குங்கக்கா, அழகு கூடும்'னு கிண்டல் வேற. பின்னுக்கு இருந்த ஜெனிதா சாக்கப் போத்திக்கிட்டுக் குந்தியிருந்தா."

"பெட்ரோல் நாத்தம்?"

"மொத நாளு லேசா. அப்புறம் இல்ல. பூசையன்னிக்கு சாம்பிராணி வாசம்தான், மூக்க அடைச்சுது."

ஷாமிலாவின் கண் கட்டிலோரத்து அலுமாரிக்குப் போனது. துணி துவைக்கும் மஞ்சள் சவுக்காரக் கட்டி ஒன்று கந்தல் துணிக்குள் பாதி தெரியக் கிடந்தது. நடுவில் ஒரு பள்ளம்.

"ஐயோ, எலி கடிச்சிருக்கே. ஆஸ்பத்திரியிலயும் எலியா?"

"எலி இல்ல," என்றாள் பிரேமினி. "அது அம்மாட கூடையில கெடந்தது. அட்டை கடிக்காம இருக்க மலைக்குப் போகும்போது கால்ல பூசுவாங்கல்ல. குளிப்பாட்ட ஆகும்னு கொண்டாந்தேன். நனைக்கவே கூடாதுன்னுட்டாங்க. சும்மா கெடக்கு."

லியனார்ட் கட்டியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். பள்ளத்தின் ஓரங்கள் கூராக இருந்தன. அடியில் தட்டையான ஒரு கோடு, ஏதோ முனையால் குத்திப் பெயர்த்தது போல.

"இத யாருக்காச்சும் குடுத்தீங்களாக்கா?"

"ராமையா கேட்டான். வேன் திரும்பி வந்த மறுநாளு. மலையில நாங்க கொழுந்து எடுக்கையில வந்து, 'கையெல்லாம் பெட்ரோல், கழுவணும், சவுக்காரம் குடுங்கக்கா'ன்னான். ஏன், அதுக்கு என்ன?"

லியனார்ட் கட்டியைத் துணியோடு மடித்து வைத்தார். ஷாமிலா அவர் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் சந்தோஷம் எதுவும் இல்லை. பல்வலி தனக்கா அவருக்கா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது.

"கந்தப்பனுக்கும் ஜீவராணிக்கும் போன் பண்ணு," என்றார். "பொலிஸ் சார்ஜன்ட்டையும் வரச் சொல்லு. ஆம்பளைங்க வார்டுல இருந்து இராமையாவக் கூட்டிக்கிட்டு வா. இங்கதான் பேசணும். இந்த அம்மா கேக்கணும்."

*

இராமையா இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்தபடி வந்தான். வார்டே அவனுக்கு வழிவிட்டது. ஒரு கிழவி எழுந்து கும்பிட்டாள். கந்தப்பன் சுவரோரம் நின்றார். ஜீவராணி கதவருகே, உள்ளே வரத் தயங்கி நின்றாள். சார்ஜன்ட் தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சன்னலில் சாய்ந்தார். அவருக்குத் தமிழ் நன்றாக விளங்கும்.

லியனார்ட் குரலை உயர்த்தவில்லை. "புது இன்ஜெக்டர் போட்ட வண்டியில பெட்ரோல் கசிஞ்சா எல்லாரும் இன்ஜெக்டரத்தான் பார்ப்பாங்க. நானும் அதத்தான் மொதல்ல பார்த்தேன். வளையம் எல்லாம் முழுசா இருக்கு, எண்ணெய் போட்டுத்தான் பூட்டியிருக்கு. கசிஞ்சது அங்க இல்ல. பெட்ரோல் தாங்கிக்குத் திரும்பிப் போற பழைய ஹோஸ்ல. இன்ஜெக்டரக் கழட்ட அந்த ஹோஸ இழுத்துத்தான் ஆகணும். காஞ்சு கெடந்த றப்பர், இழுத்ததுல உள்ளுக்குக் கீறல் விட்டிருக்கு. கராஜ்ல ஓட விட்டப்ப கசியல. மறுநாள் சூட்டுலயும் குலுக்கல்லயும் வாய் திறந்திருக்கு."

"அப்ப அவன் பிழைதான!" என்றார் கந்தப்பன்.

"பாதி. அத மாத்தாம விட்டது விஜிதரன் பிழைதான். அம்மா, உங்க புருஷன் முழுச் சுத்தம்னு நான் எழுதமாட்டேன்."

ஜீவராணி தலையசைத்தாள். "மாத்தணும்னு சொன்னாருங்க. மொதலாளிதான் அடுத்த மாசம் பாப்போம்னாரு."

"அது கிடக்கட்டும். மறுநாளே கசிஞ்ச ஹோஸ் அன்னிக்கே எரிஞ்சிருக்கணும். ஏன் பூசை வரைக்கும் எரியல? ஏன்னா யாரோ அடைச்சிருக்காங்க. கிளிப் போடுற இடத்துல எந்த மெக்கானிக்கும் கம்பி கட்டமாட்டான். கம்பிக்கு அடியில சவுக்காரம். தண்ணி பட்டதும் என் கையில நுரைச்சுது. இந்தப் பக்கத்து டிரைவருங்க எல்லாருக்கும் தெரிஞ்ச வித்தைதான் இது. பெட்ரோல் சவுக்காரத்தக் கரைக்காது. ஓட்டை அடைஞ்சிடும்."

ஷாமிலாவுக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. "ஆனா தண்ணி கரைக்கும்!"

"தண்ணி கரைக்கும். பூசைக்காக மொதலாளி சீட்டத் தூக்கி எஞ்சினுக்குப் பைப் அடிச்சாரு. கம்பிக்கு அடியில ஒட்டினது மட்டும் மிஞ்சி, ஓட்டைய மூடியிருந்த சவுக்காரம் கழுவிப் போயிட்டுது. எஞ்சினுக்குப் பொட்டு வச்சுச் சாவியக் குடுத்தாரு. நாத்தம் வந்திருக்கும், சாம்பிராணி அத மூடிட்டுது. அடைச்சவருக்குக் கழுவினது தெரியாது. கழுவினவருக்கு அடைச்சது தெரியாது."

கந்தப்பன் குல்லாவைக் கழற்றினார்.

"யாரு அடைச்சது?" என்றார் சார்ஜன்ட்.

லியனார்ட் சவுக்காரக் கட்டியை எடுத்துக் காட்டினார். "கை கழுவினா கட்டி வழவழன்னு தேயும். இது காய்ஞ்சபடியே ஸ்க்ரூடிரைவரால குத்தி எடுத்தது. எடுத்தவர் அதுக்கப்புறமும் நம்பல. நம்பியிருந்தா அந்தக் குளிர்ல கண்ணாடிய ஏத்தியிருப்பாரு. திரும்பக் கசிஞ்சா நாத்தம் உள்ள தங்கக்கூடாதுன்னு தினமும் திறந்தே ஓட்டினாரு." அவர் இராமையாவைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னார். "தம்பி, நீங்களே சொல்லிட்டா நல்லது."

இராமையா நின்ற இடத்திலேயே குந்தினான். தூக்கிப் பிடித்த கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் காற்றிலேயே வைத்திருந்தான்.

"கராஜுக்குப் போனேன் சேர். பூட்டியிருந்துச்சு. மொதலாளிகிட்ட சொன்னேன், ஹோஸ் கசியுது, வண்டிய நிப்பாட்டுவோம்னு. 'பூசை வரைக்கும் ஓட்டு, ஓட்ட ஏலாட்டி சாவிய வச்சிட்டுப் போ, வேற ஆள் இருக்கு'ன்னாரு. ஒரு நாளைக்குன்னு நினைச்சுத்தான் அடைச்சேன். நல்லாப் பிடிச்சுக்கிச்சு. அப்புறம்... அப்படியே விட்டுட்டேன்."

"எப்படா சொன்ன?" கந்தப்பன் பாய்ந்தார். "யாரு சாட்சி?"

"வேனுக்குள்ள நாம ரெண்டு பேருதான மொதலாளி இருந்தோம்."

"கேட்டீங்களா சார்ஜன்ட்? சாட்சி இல்ல!"

லியனார்ட் மெதுவாகச் சொன்னார். "ரெண்டு பேரு மட்டும் பேசிக்கிட்டத என்னால எழுத ஏலாது. ஹோஸ எழுதலாம், கம்பிய எழுதலாம், சவுக்காரத்தையும் தண்ணியையும் எழுதலாம்." அதைச் சொல்லும்போது அவர் குரல் கசந்தது. கந்தப்பன் ஜாக்கெட்டின் ஜிப்பை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார்.

அழகம்மா தலையணையில் முகத்தைத் திருப்பி இராமையாவைப் பார்த்தாள்.

"என் சவுக்காரமாடா?"

அவன் தலையைத் தூக்கவில்லை.

"கேட்டியே, குடுத்தேனே. அப்பவே ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் பின் சீட்டுல குந்தியிருப்பேனேடா. வாந்தி எடுத்தா எடுத்துட்டுப் போறேன். காலு இருந்திருக்குமே."

"அக்கா..."

"நீ தூக்கினப்ப சாமி வந்து தூக்குதுன்னு நினைச்சேன்."

இராமையா தேம்பி அழுதான். கண்ணைத் துடைக்க அவனுக்குக் கை இல்லை. பிரேமினி பார்த்துக்கொண்டு நின்றாள், துடைக்கவில்லை. சற்று முன் கும்பிட்ட கிழவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தன் கட்டிலுக்குப் போய்விட்டாள்.

சார்ஜன்ட் தொப்பியைப் போட்டுக்கொண்டார். கை ஆறும்வரை இராமையா வார்டிலேயே இருக்கட்டும், காவல் போடுகிறேன் என்றார். விஜிதரனை இன்று மாலையே விடலாம் என்றும் சொன்னார். ஜீவராணி கட்டிலருகே வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வெந்த கால்கள் கண்ணில் பட்டன. புருஷன் வருகிற சந்தோஷத்தை அங்கே வைத்து முகத்தில் காட்டக் கூசி, குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

"சேர்," என்றாள் அழகம்மா. "ஒருத்தன வெளிய விடுறீங்க, ஒருத்தன உள்ள போடுறீங்க. சரி. மொதலாளி வீட்டுக்குப் போறாரு. எனக்கு என்ன எழுதுனீங்க?"

லியனார்ட்டை அனுப்பிய இன்சூரன்ஸ் கம்பெனி வேனுக்குப் பணம் கொடுக்காது. தெரிந்தே ஓட்டிய கசிவு என்று அவர் எழுதப்போகும் அறிக்கையே அதற்குக் காரணமாகும். வேனுக்குக் கிடைக்காதபோது அதில் போனவளுக்கு எங்கிருந்து கிடைக்கும்? உண்மையை எழுதினால் அவளுக்கு ஒன்றுமில்லை. பொய்யை எழுதினால் விஜிதரன் உள்ளே. ஷாமிலா அதை அப்போதுதான் புரிந்துகொண்டாள். கண்டுபிடித்துவிட வேண்டும் என்று இத்தனை நாள் ஆசைப்பட்டது அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

"வழக்குப் போடலாம்கா," என்றார் லியனார்ட் கடைசியில். "கந்தப்பன் மேல. நான் வந்து சாட்சி சொல்றேன், என்னால சொல்ல முடிஞ்ச அளவுக்கு."

"வழக்கு முடியுற வரைக்கும் கொழுந்து யாரு எடுக்கிறது?"

வெளியே மழை வலுத்துவிட்டது. பார்வையாளர் நேரம் முடிந்தது என்று தாதி கத்தினாள். பிரேமினி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

கந்தப்பன் ஒரு வருஷத்தில் வேறு வேன் வாங்கினார். இராமையாவின் வழக்கு கோட்டில் இன்னும் தவணைமேல் தவணையாக இழுபடுகிறது. விஜிதரன் கராஜ் போர்டைத் திரும்ப எழுதி மாட்டினான். அழகம்மா லயத்து வாசலோடு நின்றுகொண்டாள். விடியக்காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக்கு அவளுக்குப் பதில் பிரேமினி போகிறாள். அழகம்மாவுக்கு வரவேண்டியது மலை ஏறுகிற இரண்டு கால்கள். கந்தப்பனும் இராமையாவும் அந்தக் கடனை இன்னும் கொடுக்கவில்லை.